பாரிமுனைக்கு ஒரு டிக்கெட்

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். கீழ்பென்னாத்தூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகிறது. ஆனால் இரண்டு வழியும் ஒரே சென்னைக்குப் போவதில்லை. விமானத்தில் வந்தால் மீனம்பாக்கம் வாசலிலேயே ஊர்க்காரர் ஒருவரின் கார் வந்து நிற்கும். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே திரும்பினால் தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி என்று விடிவதற்குள் வீட்டு வாசல். திரும்பும்போதும் அதே ரோடு, அதே அவசரம். ஊருக்குள் கால் வைக்காமலேயே சென்னை வழியாக வந்து போய்விடலாம். பல வருஷங்களாக என் லீவுகள் அப்படித்தான் கழிந்தன. கல்யாணம், காரியம், பத்திரப் பதிவு, அம்மாவின் கண் ஆபரேஷன் என்று கீழ்பென்னாத்தூர் வேலைக்கே நாள் போதாது.

உனக்குப் பிடித்த ஊர் எது என்று யாராவது கேட்டால் மெட்ராஸ் என்றுதான் இன்றும் சொல்வேன். நான் வாழும் ஊர் சிங்கப்பூர். அது எனக்குச் சோறு போட்ட ஊர், என் பிள்ளைகள் வளர்ந்த ஊர். அதன்மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயதில், கையில் ஒரு டிகிரியும் ஒரு ரெக்ஸின் பையும் தவிர வேறெதுவும் இல்லாதவனை உள்ளே விட்ட ஊர் மெட்ராஸ். அந்த மெட்ராஸை விமான நிலையத்துப் பக்கமிருந்து பார்க்க முடியாது. கையில் பணமும் போனில் கார் கூப்பிடும் வசதியுமாக வந்து இறங்குகிறவனுக்கு எல்லாப் பெருநகரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் சென்ற ஆவணியில் லீவுக்கு வந்தபோது, முதலில் ஊருக்கு வந்து, அங்கிருந்து பழையபடி பஸ் ஏறி மெட்ராஸ் போவது என்று முடிவு செய்தேன். அக்காவும் கூட வருகிறேன் என்றாள். அவள் மகள் அங்கே வேலை பார்க்கிறாள்.

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலைக்குக் கிழக்கே, செஞ்சி போகும் ரோட்டில் இருக்கிறது. இன்று அது தாலுகா தலைமையிடம். 2011 தேர்தலிலிருந்து அதன் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதியும் உண்டு. மாடியில் ஏறி நின்றால் மேற்கே அண்ணாமலை தெரியும். கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் ஏற்றும் தீபத்தைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். நெல், கரும்பு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, இவைதான் பிழைப்பு. ஏரியும் கிணறும் இருக்கிறவர்கள் ஒருமாதிரி சமாளித்துக்கொள்வார்கள். மானாவாரியில் மல்லாட்டை போட்டவன், பூவெடுத்து விழுது இறங்கும் நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டால், வீட்டில் ஒரு பையனை மெட்ராஸ் பஸ் ஏற்றிவிடுவான். எங்கள் தெருவில் அப்படிப் போகாத வீடே இல்லை. சித்தாள் வேலைக்குப் போனவர்கள், ஓட்டலில் மாவாட்டப் போனவர்கள், லாரி ஷெட்டுக்குப் போனவர்கள், படித்துவிட்டு வேலை தேடிப் போனவர்கள். தீபத்துக்கும் பொங்கலுக்கும் அவர்கள் திரும்பி வரும்போது, அடுத்துப் போகப்போகிறவனுக்கு வேண்டிய விலாசங்கள் எல்லாம் அவர்கள் வாயில் இருக்கும்.

நான் போனது 1993இல். திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்திருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பஸ் பாரிமுனை வரைக்கும் போகும். இதை இன்றைக்கு வருகிற பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஊரில் ஏறி உட்கார்ந்தவனை அந்த பஸ் தாம்பரத்திலோ கிண்டியிலோ இறக்கிவிட்டுப் போகாது. சைதாப்பேட்டைப் பாலம் ஏறி, மவுண்ட் ரோடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போகும். 1973இல் கட்டிய ஜெமினி மேம்பாலத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். ஸ்பென்சர் வரும். அதைத் தாண்டினால் எல்.ஐ.சி. கட்டடம், 1959இல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமானது அதுதான். பதினான்கு மாடியையும் எண்ணி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். சாந்தி, தேவி என்று தியேட்டர் கட் அவுட்டுகள். பிறகு தீவுத்திடலில் குதிரைமேல் மன்றோ. கோட்டையைச் சுற்றிக்கொண்டு, ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்களுக்குக் கீழே வந்து நின்றால் அதுதான் பாரிமுனை. புதிதாக வருகிறவனுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற பஸ் அது. செஞ்சியிலிருந்து கூடையோடு ஏறிய ஆயாவுக்கும், கீழ்பென்னாத்தூர் பி.காமுக்கும் அதே ஜன்னல்தான்.

இறங்கியபின் திருவல்லிக்கேணி. ஊர்க்காரர் ஒருவர் தங்கியிருந்த மான்ஷனில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. ஒரு ரூமில் மூன்று கட்டில். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மேஜை. வெளி வராந்தாவில் கொடி கட்டியிருக்கும். அதில் எந்நேரமும் யாருடைய லுங்கியாவது சொட்டிக்கொண்டிருக்கும். காலையில் பாத்ரூமுக்கு வரிசை. வாளியை வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம்; வாளியின் இடத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். தண்ணீர் இல்லாத கோடையில் அந்த ஒழுக்கத்தை வைத்துத்தான் நாற்பது ஐம்பது பேர் சண்டை இல்லாமல் வாழ்ந்தோம். மாதாமாதம் மெஸ்ஸில் டோக்கன் புத்தகம் வாங்கிக்கொள்வோம். சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் டோக்கன் தீர்ந்துபோனால் மெஸ் மாமி கணக்கில் எழுதிக்கொள்வார். பெரிய செலவென்றால் மாதத்தில் ஒருநாள் ரத்னா கபேயில் இட்லி. தட்டில் இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பத்து நிமிஷம் நடந்தால் கடற்கரை. ஒன்றை நான் பின்னாளில்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன். ஒரு பெருநகரம் புதிதாக வருகிறவனை எங்கே படுக்க வைக்கிறது என்பதில் அந்த நகரத்தின் குணம் தெரிகிறது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் தூவாஸ், கிராஞ்சி என்று தீவின் ஓரங்களில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேக்காவுக்கும் சிராங்கூன் ரோட்டுக்கும் வந்து நடுநகரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மெட்ராஸில் எனக்குக் கிடைத்த கட்டில் ஊரின் நடுவில் இருந்தது. பார்த்தசாரதி கோயிலும் 1795இல் கட்டிய பெரிய மசூதியும் நடந்துபோகும் தூரம். மெரினா இருந்தது. எழும்பூரில், 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருந்தது. பையை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போனால் நீ யார், எந்த ஊர், என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. மேஜையில் உட்கார்ந்து சாயங்காலம்வரை படிக்கலாம். வேலை கிடைக்காமல் இருந்த மாதங்களில் நான் அங்கேதான் இருந்தேன். எனக்கு எதிரில் உட்கார்ந்து படித்தவர்களில் வக்கீல்களும் இருந்தார்கள், வேலையில்லாதவர்களும் இருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே எல்லாரும் ஒன்றுதான்.

வேலை, பாரிமுனையில் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் கிடைத்தது. கப்பலில் வந்த சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி தயாரித்து, ராஜாஜி சாலையில் இருக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு மேஜையாக நகர்த்தி, கையெழுத்து வாங்கி, ஹார்பருக்குள் போய்ச் சரக்கை எடுத்துக் கொடுப்பது. பையன்கள் நாள் முழுக்க ஃபைலோடு ஓடிக்கொண்டிருப்போம். மத்தியானம் செகண்ட் லைன் பீச்சில் நின்றுகொண்டே அத்தோ சாப்பிடுவோம். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் பர்மா பஜாரோடு சேர்த்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த உணவு அது. வெங்காயம், முட்டைகோஸ், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாம் போட்டு நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூட வாழைத்தண்டு சூப். அவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள், நாங்களும் எங்கிருந்தோ வந்தவர்கள். அந்த மூலையில் எல்லாருமே அப்படித்தான். அந்தத் தொழிலில் கற்றுக்கொண்டதுதான் பிறகு என்னைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போனது.

நான் விட்டுவந்த பிறகு ஊர் விரிந்தது. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக ஆனது. நகரம் விரியும்போது நடுவில் இருப்பதை ஒவ்வொன்றாக வெளியே நகர்த்துகிறது. அந்த நகர்த்தலுக்கு நான் மெட்ராஸ் போவதற்கு முன்பே பிள்ளையார்சுழி போட்டாகிவிட்டது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. அதே வருஷத்தில் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் எரிந்து போயிற்று. 1996இல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. எங்கள் பக்கத்துக் காய் லாரிகள் அதோடு பாரிமுனையை மறந்தன. 2002 நவம்பரில் வெளியூர் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறந்தார்கள், ஜி.எஸ்.டி. ரோட்டில் வரும் பஸ்கள் இப்போது அங்கேயே நின்றுவிடுகின்றன. கிளாம்பாக்கம் வண்டலூருக்கும் அப்பால். சென்னை மாநகராட்சிக்கும் வெளியே, ஏன், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கும் வெளியே. நெரிசலை நினைத்தால் இதில் நியாயம் இருக்கிறது. பாரிமுனைச் சந்துகளில் அத்தனை பஸ்களையும் இன்று யாராலும் திருப்ப முடியாது. ஆனால் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஜனங்களுக்கு நகரத்தின் வாசல் இரண்டு தடவை தள்ளிப்போயிருக்கிறது என்பதும் உண்மை. பஸ்ஸைவிட்டு இறங்கிய பிறகு இன்னொரு பயணம் இருக்கிறது. அதற்கு இன்னொரு கூலி இருக்கிறது.

அக்காவும் நானும் காலையில் ஏறினோம். ஆவணி மல்லாட்டை ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சையாகக் கிடந்தது. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் பஸ் நுழையும்போது, எத்தனை தடவை பார்த்திருந்தாலும் தலை தானாக நிமிர்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தது செஞ்சி மட்டும்தான். பஸ்ஸில் இரண்டு பேர் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்; இனிமேல் நிலத்துக்கு என்ன விலை போகும் என்பதுவரை பேச்சு போயிற்று. திண்டிவனம் தாண்டியதும் அக்கா தூங்கிவிட்டாள். மதுராந்தகத்தில் விழித்து, ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். விவசாயக் குடும்பத்துப் பெண். எந்த ஏரியைத் தாண்டினாலும் அளந்து பார்க்காமல் விட மாட்டாள்.

கிளாம்பாக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் இருக்கின்றன. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. இதைப் பெண்கள் சொன்னால்தான் அதன் பெருமை புரியும். பழைய பாரிமுனை பஸ் ஸ்டாண்டை அக்கா ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தபோது. “அங்க இறங்குறதுக்கு முன்னாடியே செங்கல்பட்டோட தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவேன்பா” என்றாள். எல்.ஐ.சி. கட்டடத்தையும் மன்றோ சிலையையும் நான் பார்த்துக்கொண்டே போன அதே ஐந்து மணி நேரத்தில், அவள் இதை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அக்கா மகள் எங்களுக்காகக் காத்திருந்தாள். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். தங்கியிருப்பது தாம்பரத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதியில். “எங்க போலாம் மாமா?” என்றாள். பாரிமுனை என்றேன். “பாரிஸ்ல என்ன மாமா இருக்கு? வந்து மூணு வருஷம் ஆகுது, நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே” என்றாள். அவளுக்கு மெட்ராஸ் தாம்பரத்தில் ஆரம்பித்து கிண்டி, கோட்டூர்புரம், நந்தனம் வரைக்கும் போகிறது. எனக்கு ஊரின் தலைவாசலாக இருந்த இடம், அவளுக்கு மேப்பில் மட்டும் இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் பீச் ஸ்டேஷன் போனோம். 1931இலிருந்து ஓடுகிற தடம். இன்றும் இந்த ஊரில் குறைந்த காசில் அதிக தூரம் போவதென்றால் இதுதான் வழி. பாரிமுனையில் நான் வேலை பார்த்த மாடியில் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட ஒரு குடோன் ஆபீஸ். ஃபைலோடு ஓடும் பையன்களைக் காணோம்; இன்று காகிதங்கள் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே போய்விடுகின்றன. அத்தோ கடைகள் இருந்தன. அக்கா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, “புளி பத்தல” என்று சொல்லிவிட்டு, தட்டை முழுக்கக் காலி செய்தாள்.

அங்கிருந்து திருவல்லிக்கேணி. என் மான்ஷன் இருந்தது. பெயர்ப் பலகை மாறியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் நான் இங்கே தங்கியிருந்தவன், ரூமை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாகப் பாருங்கள் சார் என்றார். அக்காவும் அவள் மகளும் என்னோடு படியேறப் போனபோது, மரியாதையாகவே, “லேடீஸ் மேல போகக் கூடாதுங்க, ஜென்ட்ஸ் ஒன்லி” என்றார். அவர்கள் இரண்டு பேரும் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் மேலே போய் வந்தேன். அதே வராந்தா, அதே கொடி.

இறங்கி வரும்போது அக்கா சொன்னாள்: “எனக்கு ஆர்டர் வந்தப்ப நீ பிளஸ் டூ படிச்சிட்டு இருந்த. ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவள். டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ் செய்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, மெட்ராஸில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலைக்கு ஆர்டர் வாங்கினாள். வீட்டில் பத்து நாள் அந்தக் காகிதம் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கே தங்குவாள் என்று மட்டும்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. மெட்ராஸில் அப்போதும் பெண்கள் விடுதிகள் இருந்தன, ஒய்.டபிள்யூ.சி.ஏ. இருந்தது. அதெல்லாம் கீழ்பென்னாத்தூரில் யாருக்குத் தெரியும்? தீபத்துக்கு ஊர் திரும்பிய ஆண்கள் கொண்டுவந்த விலாசங்களில் மான்ஷன் இருந்தது, மெஸ் இருந்தது, தெரிந்த ஓட்டல் முதலாளி இருந்தார். ஒரு பெண் போய்த் தங்கும் இடம் ஒன்றுகூட இல்லை. சேரும் தேதி தாண்டிப் போனது. அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம்.

இத்தனை வருஷங்களாக நான் நேசித்த மெட்ராஸ், வந்தவனை எல்லாம் வரவேற்ற ஊர் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் நண்பர்களிடம் அப்படித்தான் சொல்வேன். வந்தவனை வரவேற்றது உண்மை. வந்தவளைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதே இல்லை. அசோகமித்திரன் 1952இல் செகந்திராபாத்திலிருந்து வந்ததிலிருந்து, நம் எழுத்தாளர்கள் மெட்ராஸுக்கு வந்து சேர்ந்த கதைகளையும் மான்ஷன் ரூம்களையும் எவ்வளவோ படித்திருக்கிறோம். அதே வருஷங்களில் ஆர்டரைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்து கைவிட்ட பெண்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் இருந்திருப்பார்கள். அவர்கள் வராத மெட்ராஸும் மெட்ராஸின் சரித்திரம்தான். யாராவது எழுத வேண்டும்.

அன்று சாயங்காலம் மெரினாவில் உட்கார்ந்திருந்தோம். 1959இல் வைத்த உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் மணலில் நல்ல கூட்டம். அக்கா மகள் தன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். விடுதியில் எப்போது வந்தாலும் கதவைத் திறக்க ஆள் இருக்கிறது. நைட் ஷிப்ட் போகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். அதில் மிச்சமாகும் பணத்தை அவள் தனியாக எடுத்து வைத்துப் புத்தகம் வாங்குகிறாள். அவசரமென்றால் மெட்ரோ. ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். நான் கன்னிமாராவில் உட்கார்ந்திருந்ததுபோல, அவள் அங்கே குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள்.

மறுநாள் ஞாயிறு. அந்த நூலகத்துக்கே எங்களைக் கூட்டிப்போனாள். 2010 செப்டம்பர் 15 அன்று, அண்ணாவின் பிறந்தநாளில் திறந்தது. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். காலையிலேயே இடம் பிடிக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். மேஜைக்கு மேஜை தண்ணீர் பாட்டில், ஹைலைட்டர் போட்டுப் பிய்ந்துபோன பாடப்புத்தகம், கணக்குப் போட்டுக் கிறுக்கிய ரஃப் நோட்டு. பாதிக்கு மேல் பெண்கள். மத்தியானம் சாப்பாட்டு இடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருத்தி கேள்வி கேட்க மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அவலூர்பேட்டைப் பக்கமாம். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தாள். அக்கா அவளை விசாரித்தாள். எந்த விடுதி, மாசம் எவ்வளவு, சாப்பாடு எப்படி, ராத்திரி பயமில்லையா, வீட்டில் என்ன சொன்னார்கள். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் விவரமாகப் பதில் சொன்னாள். அக்கா போனை எடுத்து அதையெல்லாம் குறித்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போன வாரம் காலேஜ் முடிந்ததாம். அவள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமாம்.

தீபத்துக்கு ஊர் திரும்பும் ஆண்கள் வாயில் இருந்த விலாசங்கள், இப்போது அக்காவின் போனில் இருக்கின்றன. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

சாந்தி தியேட்டர் மூடி வெகுநாளாயிற்று. 2024இல் உதயமும் போய்விட்டது. இந்தப் பட்டியலைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவது எங்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் திரும்பி வருகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இன்று காலையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவளுக்கு இந்த ஊரில் படுக்க ஒரு கட்டில், உட்கார ஒரு மேஜை, போய்வர ஒரு வண்டி இருக்கிறதா? கட்டிலும் மேஜையும் என் காலத்தைவிட இன்று அதிகம். வண்டியில்தான் குறை. விமான நிலையத்தையும் கிண்டியையும் சேர்த்து மெட்ரோ எங்கெங்கோ போகிறது. கிளாம்பாக்கத்துக்கு இன்னும் திட்டமாகத்தான் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதை 2006-07இல் ஒப்புதல் பெற்றது. அன்று பிறந்த பிள்ளைகள் இன்று காலேஜில் படிக்கிறார்கள், பாதை வரவில்லை. 2024 மே முதல் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து திருவண்ணாமலைக்கு ஒரு ரயில் ஓடுகிறது. நல்லதுதான். ஆனால் அது அரக்கோணம், காட்பாடி என்று சுற்றிக்கொண்டு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆக்குகிறது. கீழ்பென்னாத்தூருக்கு அதில் பயனில்லை. செஞ்சி வழிப் பாதை வந்துவிட்டால், எங்கள் ஊர்ப் பெண் ரயிலில் ஏறி நேரே தாம்பரத்தில், எழும்பூரில் இறங்கிக்கொள்ளலாம். தள்ளிப்போன வாசல் மறுபடியும் நடுவுக்கு வந்துவிடும். எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இந்தப் பாதைக்குக் காட்டினால், எம்.பி.க்களை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், நிச்சயம் நடக்கும் என்று நம்புகிறேன். நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கிளாம்பாக்கத்தில், மகளை வேலைக்கு அனுப்பிவிட்டு, அக்கா நேராக விசாரணைக் கவுண்டருக்குப் போனாள். செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ் எந்த மேடையில் நிற்கும், காலையில் முதல் வண்டி எப்போது, ராத்திரி கடைசி வண்டி எப்போது என்று கேட்டுப் போனில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

“உனக்கு எப்ப லீவு கெடைக்குமோ அப்ப நீ வா” என்றாள். “நான் ஐப்பசி மழை புடிக்கிறதுக்குள்ள இன்னொரு வாட்டி வரேன். அந்த கன்னிமாராவ இன்னும் பாக்கல.”